நூல் போட்டு முகத்தைத் தூக்க முடியுமா? ஃபேஸ்லிஃப்ட் பத்தி ஒரு நீண்ட த்ரெட்

1/
"கத்தி இல்லை, தழும்பு இல்லை, ஒரே மணி நேரத்துல பத்து வயசு குறையும், வருஷக்கணக்கா நிக்கும்." இப்படி ஒரு ரீல் உங்க ஃபோன்லயும் வந்திருக்கும். அந்த வாக்கியத்துல உண்மையா இருக்கறது "ஒரே மணி நேரம்" மட்டும்தான். முகம் ஏன் தளருது, அதை எப்படித் தூக்கறாங்க, எத்தனை நாள் நிக்கும், யார் செய்யணும், யார் கை வைக்கக் கூடாதுன்னு வரிசையா சொல்றேன். முழுசா படிச்சுட்டு திட்டுங்க.

2/
முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், ஏன்னா விஷயமே அதுலதான் இருக்கு. அரசு மருத்துவமனை டாக்டர். படிப்பு எம்.பி.பி.எஸ். பிளாஸ்டிக் சர்ஜன் கிடையாது, தோல் டாக்டரும் கிடையாது. காயத்துக்குத் தையல் போடுவேன், சீழ்க்கட்டியைக் கீறி விடுவேன். இதே பட்டத்தோட ஆழ்வார்பேட்டைல ரெண்டு ரூம் வாடகைக்குப் பிடிச்சு, நாளைக்கே "ஃபேஸ்லிஃப்ட் செய்யப்படும்"னு போர்டு மாட்டினா, "யாருப்பா நீ, எங்க கத்துக்கிட்ட?"ன்னு கேட்டு அன்னிக்கே கழட்டச் சொல்ல ஆள் இல்லை. என் கோபம் அதுதான்.

3/
ஆழ்வார்பேட்டை சிக்னல்ல இருந்து டி.டி.கே. சாலையில மியூசிக் அகாடமி வரைக்கும் நடங்க. திரும்பி வந்து எல்டாம்ஸ் ரோடு, சி.பி. ராமசாமி சாலைப் பக்கம் ஒரு சுத்து சுத்துங்க. தோல், முடி, லேசர், "ஏஸ்தெட்டிக்"னு எத்தனை போர்டுன்னு எண்ணிப் பாருங்க. முறையா படிச்ச, நல்ல கை உள்ள டாக்டர்கள் அந்தப் போர்டுகளுக்குப் பின்னாடி இருக்காங்க. ஆனா ரோட்டுல நிக்கற உங்களுக்கு யார் எப்படின்னு பிரிச்சுப் பார்க்க வழி இல்லை. எல்லா போர்டுலயும் அதே சிரிச்ச முகம், பெயருக்குப் பின்னாடி அதே மாதிரி நீளமான எழுத்து வரிசை.

4/
சரி, முகம் ஏன் தளருது? "தோல் லூசாயிடுச்சு"ன்னு நாம நினைக்கறோம். தோல் அதுல ஒரு பங்குதான். முகத்துல தோல், அதுக்குக் கீழ கொழுப்பு, அதுக்குக் கீழ தசையும் நாரும் சேர்ந்த ஒரு விரிப்பு, அதுக்கும் கீழ ஆழக் கொழுப்பு, கடைசியா எலும்புன்னு அடுக்கடுக்கா இருக்கு. இந்த அடுக்குகளை எலும்போட பிடிச்சு வைக்கற தசைநார்கள் சில இடத்துல முளை அடிச்ச மாதிரி இருக்கும். வயசானா எலும்பு கொஞ்சம் கரையும், கொழுப்பு சில இடத்துல வத்தும், சில இடத்துல சரியும், முளைகள் தளரும். கன்னம் இறங்கி தாடை ஓரத்துல வந்து தொங்கும்.

5/
கயிற்றுக் கட்டில் தெரியும் இல்லையா? வருஷம் போகப் போக கயிறு தொய்ஞ்சு நடுவுல குழி விழும். அதுமேல ஒரு புது ஜமக்காளத்தை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினா அன்னிக்குப் பார்க்க சமமாத் தெரியும். ஒரு வாரம் படுத்து எழுந்தா ஜமக்காளம் குழிக்குள்ள போயிடும். சரி பண்ணணும்னா கயிற்றை அவிழ்த்து முறுக்கிக் கட்டணும், ஜமக்காளத்தைச் சும்மா மேல விரிச்சா போதும். ஃபேஸ்லிஃப்டோட மொத்த சூத்திரமும் இதுதான்.

6/
இந்த உண்மையை டாக்டர்களே லேட்டாத்தான் கண்டுபிடிச்சாங்க. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்துல ஐரோப்பாவுல ஆரம்பிச்ச ஃபேஸ்லிஃப்ட், ரொம்ப காலம் தோலை மட்டும் வெட்டி இழுத்துத் தைக்கற வேலையாத்தான் இருந்தது. 1974-ல ஸ்வீடன்காரர் டோர்ட் ஸ்கூக், தோலைத் தனியாப் பிரிக்காம அடியில இருக்கற விரிப்போட சேர்த்துத் தூக்கற முறையை எழுதினார். 1976-ல மிட்ஸ், பெய்ரோனி என்ற ரெண்டு பிரெஞ்சு டாக்டர்கள் அந்த விரிப்பைத் தெளிவா விவரிச்சு, எஸ்.எம்.ஏ.எஸ். (சுருக்கமா "ஸ்மாஸ்")னு பேர் வெச்சாங்க. 1990-ல அமெரிக்காவோட சாம் ஹாம்ரா இன்னும் ஆழமாப் போய், தசைநார்களை விடுவிச்சுத் தூக்கற "டீப் பிளேன்" முறையை வெளியிட்டார்.

7/
ஸ்மாஸ் ஏன் முக்கியம்? தோல் ரப்பர் மாதிரி. இழுவிசையில வெச்சா மெதுவா நீண்டுடும். ஸ்மாஸ் அவ்வளவு சீக்கிரம் நீளாது. பாரத்தை ஸ்மாஸ் தாங்கினா, தோலை இழுக்காம, மிச்சத்தை மட்டும் வெட்டிட்டு லேசாப் படிய வெச்சுத் தைக்கலாம். இழுக்காத தையல் மெல்லிய கோடாத்தான் ஆறும். ஆக, இயற்கையாத் தெரியறதும் ரொம்ப நாள் நிக்கறதும் ரெண்டு தனித்தனி வரம் இல்லை. ஒரே வேலையைச் சரியாச் செஞ்சா ரெண்டும் சேர்ந்து வரும், தப்பாச் செஞ்சா ரெண்டும் சேர்ந்து போகும்.

8/
தப்பாச் செஞ்ச ஃபேஸ்லிஃப்டை எப்படிக் கண்டுபிடிக்கறது? வாய் ஓரம் பக்கவாட்டுல இழுபட்டு, ஓடற பைக்ல எதிர்காத்து அடிக்கற மாதிரி முகம் இருக்கும். காது மடலோட கீழ் நுனி கன்னத்தோட ஒட்டி இழுபட்டிருக்கும். காதுக்கு முன்னாடி தழும்பு அகலமாத் தெரியும். ஆம்பளைங்களுக்கு தாடி முளைக்கற தோல் காது வரைக்கும் வந்து, காதுமேல ஷேவ் பண்ண வேண்டி வரும்.

9/
நம்ம ஊருக்குன்னு தனிக் கணக்கும் இருக்கு. வெளிநாட்டுப் படத்துல தழும்பை விரிச்சு விட்ட முடி மறைச்சுடும். நம்ம வீட்டுப் பொம்பளைங்க முடியை வாரிப் பின்னி, இல்ல கொண்டை போட்டு, பூ வெக்கறாங்க. காதுக்கு முன்னாடி, பின்னாடி எல்லாமே வெளிச்சத்துல இருக்கு. அதுவும் ஜிமிக்கி போட்டா எல்லார் கண்ணும் காதுக்குத்தான் போகும். நம்ம தோலுக்குத் தழும்பு கறுக்கற குணம் அதிகம், சிலருக்கு கீலாய்டா தடிச்சுக்கும். தையல் எங்க போகணும்னு யோசிக்கும்போதே, நீங்க தலை எப்படி வாருவீங்க, என்ன கம்மல் போடுவீங்கன்னு கேக்கற சர்ஜன்தான் சரியான சர்ஜன்.

10/
இப்ப இன்ஸ்டாகிராம்ல "டீப் பிளேன்"ங்கற வார்த்தையே ஒரு பிராண்ட் ஆயிடுச்சு. அதையும் அப்படியே நம்பாதீங்க. அமெரிக்காவுல ரெண்டு ஜோடி, ஒரே கருவில் பிறந்த இரட்டையர்கள், மொத்தம் நாலு பேருக்கு நாலு பிரபல சர்ஜன்கள் நாலு விதமான முறையில ஃபேஸ்லிஃப்ட் பண்ணினாங்க. ஹாம்ராவும் அதுல ஒருத்தர். பத்து வருஷம் தொடர்ந்து படம் எடுத்து 2009-ல வெளியிட்டாங்க. பத்தாவது வருஷத்துலயும் நாலு பேரும் நல்லாவே இருந்தாங்க. இந்த முறைதான் ஜெயிச்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியலை. நாலு பேருக்கும் பொதுவா இருந்தது, அனுபவப்பட்ட கை. முறையோட பேரை விக்கறவங்க இந்த ஆய்வைப் பத்திப் பேச மாட்டாங்க.

11/
எத்தனை வருஷம் நிக்கும்? வாழ்நாள் பூரா நிக்கும்னு சொல்றவர் பொய் சொல்றார். ஃபேஸ்லிஃப்ட் வயசை நிறுத்தாது. 2012-ல வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வுல, ஆபரேஷன் முடிஞ்சு ஐந்தரை வருஷம் கழிச்சும் 76 சதவீதம் பேர், ஆபரேஷனுக்கு முந்தைய முகத்தைவிட இளமையாத்தான் தெரிஞ்சாங்க. மீதிப் பேருக்கு அந்த லாபம் கரைஞ்சு போச்சு. இது நல்ல கைகள்ல, முறையான ஆபரேஷனுக்குக் கிடைச்ச கணக்கு. ஒரு மணி நேர சமாச்சாரத்துக்கு இந்தக் கணக்கைக் கடன் வாங்க முடியாது.

12/
இனி அந்த "நூல்" விஷயம். (இந்த த்ரெட்டுக்கும் அந்த த்ரெட்டுக்கும் சம்பந்தம் இல்லை.) முள் வெச்ச நூலை ஊசி வழியா தோலுக்கு அடியில விட்டு, இழுத்து வெக்கறது. இப்ப பெரும்பாலும் பயன்படுத்தறது பி.டி.ஓ., அதாவது பாலிடயாக்சனோன். இது எங்களுக்கு ரொம்பப் பழக்கமான பொருள். வயித்து ஆபரேஷன் முடிச்சு மூடறதுக்கு இதே பொருள்ல செஞ்ச நூலைத்தான் பயன்படுத்தறோம். ஏன்னா ஆறேழு மாசத்துல உடம்பு அதைக் கரைச்சுடும். வயித்துக்கு அது போதும், அதுக்குள்ள காயம் கூடிடும். கன்னத்துல எதுவும் கூடி ஒட்டப் போறதில்லை, இழுத்துப் பிடிச்சிருக்கறதே அந்த நூல்தான். கரையறதுக்குன்னே தயாரிச்ச நூலை வெச்சு வருஷக்கணக்கா நிக்கும்னு ஒருத்தர் சொல்றார்னா, ஒண்ணு அவருக்கு நூலைப் பத்தித் தெரியாது, இல்லைன்னா உங்களுக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும்.

13/
நூல் போட்ட அன்னிக்கு ஏன் வித்தியாசம் தெரியுது? பாதி வீக்கம். வீங்கின முகத்துல சுருக்கம் தெரியாது. அன்னிக்கு எடுக்கற ஃபோட்டோதான் விளம்பரத்துல வர்ற "பின்" ஃபோட்டோ. முன் படத்துல தலை குனிஞ்சு, மேல இருந்து விளக்கு. பின் படத்துல முகவாயைத் தூக்கி, எதிர்ல விளக்கு, லேசான சிரிப்பு. கையில ஃபோன் இருக்கு இல்ல? வீட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு இப்படி ரெண்டு படம் எடுத்துப் பாருங்க. பைசா செலவு இல்லாம அஞ்சு வயசு குறையும்.

14/
நூலே வேண்டாம்னு நான் சொல்லலை. லேசான தளர்ச்சி, சில மாசம் போதும்னு தெரிஞ்சே பண்ணிக்கறவங்க, பயிற்சி எடுத்த டாக்டர்கிட்ட பண்ணிக்கட்டும். போடாக்ஸ், ஃபில்லருக்கும் அவை அவைக்குன்னு இடம் இருக்கு. நெற்றிச் சுருக்கத்துக்கு போடாக்ஸ், வத்தின இடத்துக்கு ஃபில்லர். ஆனா தொங்கற கன்னத்தைத் தூக்கறதுக்குன்னு ஃபில்லரை ஊசி ஊசியா ஏத்தினா கன்னம் மேல போகாது, உப்பும். சிரிச்சா கண்ணு மூடற அளவுக்கு உப்பின முகங்களை டிவில பார்த்திருப்பீங்க.

15/
ஃபில்லர்ல இன்னொரு ஆபத்து. தவறி ரத்தக்குழாய்க்குள்ள போனா அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். மூக்கு, புருவ மத்தி பக்கத்துல போட்டது கண்ணுக்குப் போற ரத்தக்குழாயை அடைச்சா பார்வையே போயிடும். அபூர்வம்தான், ஆனா நடந்தா நிமிஷக் கணக்கு. ஹையலூரானிக் ஃபில்லரைக் கரைக்கற மருந்து ஹையலூரானிடேஸ். அது ஃப்ரிட்ஜ்ல ரெடியா இல்லாத இடத்துல முகத்தை நீட்டாதீங்க.

16/
ஒரு கேஸ் சொல்றேன். ஐம்பது தாண்டின அம்மா, பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி நூல் போட்டுக்கிட்டாங்க. வளையலை அடகு வெச்சு. மூணாவது வாரம் கன்னத்துல நூல் முனை வெளிய வந்து சீழ் பிடிச்சிருந்தது. பணம் வாங்கின இடத்துல முதல்ல "ஐஸ் வைங்க"ன்னாங்களாம், அப்புறம் ஃபோனையே எடுக்கலையாம். நம்ம ஆஸ்பத்திரிக்கு ராத்திரி வந்தாங்க. நூலை எடுத்து, சீழை வெளியேத்தி, ஆன்டிபயாடிக் போட்டு அனுப்பினோம். கல்யாண ஃபோட்டோல கன்னத்துல குழி இருக்கும். அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒண்ணுதான்: "அவரும் டாக்டர்தானே தம்பி?"

17/
"இதெல்லாம் பணக்காரங்க பிரச்சினை, அரசு டாக்டருக்கு எதுக்கு?"ன்னு கேக்கப் போறீங்க. பணக்காரங்க பிழைச்சுப்பாங்க. அவங்க பத்து பேரை விசாரிச்சு, நல்ல சர்ஜன்கிட்ட முழுப் பணம் கட்டிப் பண்ணிக்குவாங்க. இ.எம்.ஐ.ல மலிவான நூலுக்குப் போறது யார்? கடை கவுன்ட்டர்ல நிக்கறவங்க, ரிசப்ஷன்ல உட்காரறவங்க, "ஏன் டீச்சர் ஒரு மாதிரி டல்லா இருக்கீங்க"ன்னு தினம் கேட்டுக் கேட்டு நொந்துபோன டீச்சர். 2025-ல மௌன்ஜாரோ மாதிரி எடை குறைக்கற ஊசிகளும் இந்தியாவுக்கு வந்தாச்சு. சீக்கிரமா எடை குறைஞ்சவங்களுக்கு முகம் தளரும், அவங்கதான் அடுத்த கஸ்டமர். கெட்டுப் போனா கடைசியில வந்து நிக்கறது எங்க வாசல்லதான்.

18/
இன்னொரு கூட்டம் இருக்கு. "இந்த வயசுல உனக்கெதுக்கு இது?"ன்னு சிரிக்கற கூட்டம். ஒரு நடிகை முகத்துல ஏதோ மாறிடுச்சுன்னா மீம் போட்டுக் கிழிக்கறதும் நீங்கதான், அதே நடிகைக்கு சுருக்கம் தெரிஞ்சா "ஆன்ட்டி ஆயிட்டா"ன்னு எழுதறதும் நீங்கதான். மக்கள் ரகசியமா, யார்கிட்டயும் விசாரிக்காம, முதல்ல கண்ணுல பட்ட கிளினிக்குக்குள்ள நுழையறதுக்கு உங்க சிரிப்பும் ஒரு காரணம். வெட்கப்படறவங்க ரெண்டாவது டாக்டர்கிட்ட ஒப்பீனியன் கேக்க மாட்டாங்க. ஏமாத்தறவனுக்கு அதைவிட வசதி வேற என்ன?

19/
முகத்தைச் சரி செய்யறது வெட்டி ஆடம்பரம்னு நினைக்கறவங்க வேலூர் பக்கம் பாருங்க. தொழுநோயில ஒரு வகை, முகத்துத் தோலுக்குள்ள பரவி தோலைத் தடிக்க வெக்கும். மருந்துல கிருமி போயிடும், தடிப்பு வடியும், நீண்டுபோன தோல் மட்டும் தொங்கும். முப்பது வயசுக்காரர் அறுபது மாதிரி தெரிவார். புருவம் உதிர்ந்திருக்கும், மூக்குத்தண்டு உள்ள போயிருக்கும். நோய் குணமாயிடுச்சுன்னு சர்டிஃபிகேட் இருக்கும், ஆனா முகத்தைப் பார்த்தே வேலை இல்லைன்னுடுவாங்க, டீக்கடைல கிளாஸ் தர மாட்டாங்க.

20/
1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளோட மடங்கின விரல்களை நிமிர்த்தினதுக்காக உலகம் பூரா பேசப்பட்டவர். அவர் கையோட நிறுத்தலை. மூக்கையும் புருவத்தையும் திரும்ப உருவாக்கிக் கொடுத்தார். தொழுநோய் மறுசீரமைப்பு அறுவை பத்தின புத்தகங்கள்ல, தொங்கற முகத்துக்கு ஃபேஸ்லிஃப்டும் ஒரு சிகிச்சையாவே இருக்கு. அங்க "இயற்கையாத் தெரியணும்"னா சினிமா ஸ்டார் மாதிரி தெரியணும்னு அர்த்தம் இல்லை. பஸ்ல பக்கத்து சீட்காரர் எழுந்து போகாம இருக்கணும், அவ்வளவுதான். நல்ல ஃபேஸ்லிஃப்டுக்கு இன்னிக்கும் அதுதான் அளவுகோல்: செஞ்சது யாருக்கும் தெரியக் கூடாது.

21/
சென்னை அரசு மருத்துவமனைகள்லயும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகள் இருக்கு. ஸ்டான்லியில டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்த கை அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு நாடு முழுக்கப் பேர் வாங்கினது. கீழ்ப்பாக்கத்துல தீக்காயம். இங்க பயிற்சி எடுக்கறவர் எரிஞ்சு ஒட்டின கழுத்தை விடுவிச்சு, விபத்துல கிழிஞ்ச முகத்தை ஒட்டவெச்சு, முக நரம்பு எங்க எந்த ஆழத்துல ஓடுதுன்னு கைக்குப் பழக்கப்படுத்திக்கிட்டுத்தான் வெளிய வர்றார்.

22/
அந்த நரம்பைப் பத்திச் சொல்லணும். முகநரம்பு காதுக்கு முன்னாடி அஞ்சு கிளையாப் பிரிஞ்சு, ஸ்மாஸுக்கு அடியில ஓடுது. கண்ணை மூட, சிரிக்க, உதட்டை இறக்க எல்லாத்துக்கும் அதுதான். ஒரு மில்லிமீட்டர் ஆழம் தப்பினா வாய் கோணும். தேர்ந்த கையில நிரந்தர பாதிப்பு நூத்துல ஒருத்தருக்கும் குறைவு. காது மரத்துப்போறது அதைவிட சகஜம், பெரும்பாலும் சில மாசத்துல சரியாகும். நூத்துல சில பேருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள்ள தோலுக்கு அடியில ரத்தம் கட்டும், ஆம்பளைங்களுக்கு இன்னும் அதிகம். உடனே திறந்து எடுக்கணும். பி.பி. கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்கு இது எமன். சிகரெட் பிடிக்கறவங்களுக்கு காதுக்குப் பின்னாடி தோல் கருகிப்போற ஆபத்து பல மடங்கு.

23/
இப்ப கணக்குப் போடுங்க. எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜனோட சேர்த்து ஐந்தரை வருஷம். எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி 3 வருஷம். அதுக்கப்புறம் எம்.சிஹெச். பிளாஸ்டிக் சர்ஜரி 3 வருஷம். மொத்தம் பதினொன்றரை வருஷம், அது முடிஞ்சும் சீனியர் கீழ வேலை. என் வாட்ஸ்அப்ல வர்ற மெசேஜ் என்ன தெரியுமா? "டாக்டர்களே, வார இறுதியில ரெண்டு நாள் பயிற்சி, நூல், ஃபில்லர், போடாக்ஸ், கையோட சர்டிஃபிகேட்." சனிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை திரும்பினா திங்கட்கிழமை நான் "ஏஸ்தெட்டிக் ஃபிசிஷியன்." பதினொன்றரை வருஷம் எங்க, ரெண்டு நாள் எங்க?

24/
இதுக்கு விதியே இல்லையான்னா, இருக்கு. 2022 செப்டம்பர்ல தேசிய மருத்துவ ஆணையம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வொர்க்‌ஷாப்ல வேடிக்கை பார்க்கறதும், யூடியூப் பார்த்துக் கத்துக்கறதும் முடி நடறது உட்பட அழகுச் சிகிச்சை எதையும் ஆரம்பிக்கப் போதுமான பயிற்சி இல்லைன்னு தெளிவாச் சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, டாக்டர்களைப் பார்த்து "யூடியூப் பார்த்து ஆபரேஷன் பண்ணாதீங்க"ன்னு ஒரு ஆணையம் எழுத வேண்டிய நிலைமை. எழுதினதோட சரி. ரோடு ரோடாப் போய்ப் பார்த்தது யார்?

25/
சென்னைக்கு இது புதுசும் இல்லை. 2016 மே மாசம், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் இறுதியாண்டு மாணவர் ஒருத்தர், 22 வயசு, சென்னையில ஒரு மையத்துல தலைமுடி நடும் சிகிச்சை எடுத்துக்கிட்டார். உடம்பு மோசமாகி வேலூர் சி.எம்.சி.யில இறந்துட்டார். அந்த இடத்துக்கு சலூன் நடத்தத்தான் லைசென்ஸ் இருந்ததுன்னு அப்ப பத்திரிகைகள்ல வந்தது. மருத்துவம் படிக்கற பையனுக்கே போர்டைப் பார்த்துப் பிரிச்சறிய முடியலைன்னா, டீச்சரம்மாவுக்கும் கேஷியர் அண்ணனுக்கும் எப்படி முடியும்?

26/
தமிழ்நாட்டுல கிளினிக்குகளை ஒழுங்குபடுத்தற சட்டம் 1997-ல வந்தது. அதுக்கான விதிகள் வந்தது 2018-ல. 21 வருஷம்! சட்டம் இருக்கு, பதிவு இருக்கு. ஆனா அந்தப் பதிவு பெரும்பாலும் இடத்தைப் பார்க்குது: ரூம் எவ்வளவு, கழிவு எங்க போகுது, கருவி என்ன. இந்த ரூம்ல இந்த டாக்டர் இந்தச் சிகிச்சையைப் பண்ண பயிற்சி எடுத்திருக்காரான்னு வாசல்ல நிக்கற நோயாளிக்குச் சொல்ற ஏற்பாடு இல்லை. அதைத்தான் நான் கேக்கறேன்.

27/
சில பதில்களை முன்கூட்டியே சொல்லிடறேன்.

"உனக்குப் பொறாமை, உன்னால சம்பாதிக்க முடியலை." சம்பாதிக்க வழி திறந்தே இருக்கு, சனி ஞாயிறு போனா போதும். அது திறந்திருக்கறதுதான் தப்புன்னு சொல்றேன்.

"எம்.பி.பி.எஸ். டாக்டரைக் கேவலப்படுத்தற." ஜுரம், சுகர், பிரசவம், பாம்புக்கடின்னு இந்த மாநிலத்தைத் தாங்கறதுல பெரும்பங்கு எம்.பி.பி.எஸ். டாக்டர்தான். தெரிஞ்ச வேலையைச் செய்யறது கேவலம் இல்லை. தெரியாத வேலையை அடுத்தவர் கன்னத்துல கத்துக்கறதுதான் கேவலம்.

28/
"பல் டாக்டர்களைக் கேளு முதல்ல." முகத்தாடை அறுவையில எம்.டி.எஸ். முடிச்சவங்க 3 வருஷம் முகத்தைத் திறந்து படிச்சவங்க. அவங்க எல்லை எதுவரைங்கறது கவுன்சில்களுக்குள்ள நடக்கற சண்டை, தனியாப் பேசலாம். நான் கேக்கறது 3 வருஷம் படிச்சவரைப் பத்தி இல்லை, 2 நாள் படிச்சவரைப் பத்தி.

"பிளாஸ்டிக் சர்ஜன் மட்டும் யோக்கியமா?" இல்லை. தழும்பே வராதுன்னு சொல்ற எம்.சிஹெச்.சும் பொய்தான் சொல்றார். வெட்டினா தழும்பு உண்டு. அது ஒளிஞ்சிருக்குமா, தெரியுமாங்கறதுதான் கேள்வி. விளம்பரம் போட்டு நோயாளியை இழுக்கறது 2002 மருத்துவ நெறிமுறைப்படியே தப்பு, யார் செஞ்சாலும்.

29/
பண்ணிக்க முடிவு பண்ணிட்டீங்களா? பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

• உங்க முழுப் பேர், பதிவு எண் என்ன? (தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்துல போட்டுப் பாருங்க. போர்டுல இருக்கற பட்டம் பதிவுல இருக்கான்னு பாருங்க.)
• எனக்குக் கத்தி பிடிக்கப் போறது நீங்களா, வேற யாராவதா?
• ஸ்மாஸைத் தொடப் போறீங்களா, தோலை மட்டும் இழுக்கப் போறீங்களா?
• உங்க நோயாளிகளோட ஒரு வருஷம் கழிச்சு எடுத்த படம் இருக்கா? முன்னாடி, பக்கவாட்டுல, காதுக்குப் பின்னாடி, அதே வெளிச்சத்துல?

30/
• மயக்க மருந்து டாக்டர் யார்? ராத்திரி ரத்தம் கட்டினா யார் வருவாங்க, எந்த தியேட்டர்ல திறப்பீங்க?
• என் பி.பி., சுகர், நான் சாப்பிடற ஆஸ்பிரின் பத்தி ஏன் இன்னும் கேக்கலை?
• எனக்கு இது தேவையே இல்லைன்னு நீங்க யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கீங்களா?

கடைசிக் கேள்விக்கு முகம் மாறற இடத்துல இருந்து எழுந்து வந்துடுங்க. "இன்னிக்கே கட்டினா ஆஃபர்"னு சொன்னா அதுக்கு முன்னாடியே எழுந்துடுங்க.

31/
ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு வாரம் முகம் கன்றிப்போய் இருக்கும், வீக்கம் முழுசா வடிய மாசக்கணக்கு ஆகும். அடுத்த வாரம் கல்யாணம்னா இப்ப பண்ணாதீங்க. நாலு மாசம் முன்னாடி யோசிங்க. சிகரெட்டை விடுங்க, வெயிலுக்கு சன்ஸ்க்ரீன் போடுங்க, எடையை ஏத்தி இறக்காதீங்க. நல்ல ஃபேஸ்லிஃப்டை நீட்டிக்கறதும் இதுதான், தள்ளிப்போடறதும் இதுதான்.

32/
ஏமாந்துட்டீங்கன்னா வெட்கப்பட்டு வீட்டுல உட்காராதீங்க. சீழ், தோல் கறுக்கறது, பார்வை மங்கறதுன்னா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க, என்ன போட்டாங்கன்னு பாக்கெட்டை எடுத்துட்டு வாங்க, நாங்க திட்ட மாட்டோம். பில்லும் ஒப்புதல் படிவமும் பத்திரமா வையுங்க. பணம் கொடுத்து வாங்கின சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் 1995-லயே சொல்லிடுச்சு. ஆபத்தும் மாற்று வழியும் சொல்லாம வாங்கின கையெழுத்து சரியான ஒப்புதல் இல்லைன்னு 2008-ல சொல்லிடுச்சு. நடத்தை பத்தின புகாரை அரும்பாக்கத்துல இருக்கற தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுதுங்க.

33/
அரசுக்கும் கவுன்சிலுக்கும் என் கோரிக்கை மூணே மூணு. ஒண்ணு, அழகுச் சிகிச்சை செய்யற ஒவ்வொரு இடத்து வாசல்லயும் டாக்டரோட பதிவு எண்ணும், கவுன்சில்ல பதிவான பட்டமும் தமிழ்ல, பெரிய எழுத்துல இருக்கணும். ரெண்டு, வார இறுதி சர்டிஃபிகேட்டை போர்டுல பட்டமா போட்டா நோட்டீஸ் போகணும். மூணு, இந்த மாதிரி கேஸ் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தா நாங்க பதிவு பண்ணி அனுப்ப ஒரு படிவம் வேணும். இப்ப நாங்க சீழை எடுத்துட்டு சீட்டைக் கிழிச்சுக் கொடுத்து அனுப்பறோம். எத்தனை பேர் வந்தாங்கன்னு யார்கிட்டயும் கணக்கு இல்லை. கணக்கு இல்லாத பிரச்சினையை நம்ம ஊர்ல பிரச்சினைன்னே சேர்த்துக்க மாட்டாங்க.

34/
இதை உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. யாருக்கு வேணும்னு உங்களுக்குத் தெரியாது, அவங்க சொல்லவும் மாட்டாங்க. "எந்த கிளினிக் நல்லது"ன்னு டி.எம்.ல கேக்காதீங்க, பேர் சொல்ல மாட்டேன். பதிவு எண்ணை எப்படித் தேடறதுன்னு கேளுங்க, ஸ்க்ரீன்ஷாட் போட்டுக் காட்டறேன். நாளைக்கு டூட்டி முடிஞ்சு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.